அறுபத்திரண்டு தலைக்கட்டு

எங்கள் ஓடைமேட்டில் நான் ஒரு தலைக்கட்டு இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வைத்த ஆம்பிளை ஒரு தலைக்கட்டு. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதென்றாலும், டிசம்பரில் சர்ச்சுக்கு சீரியல் பல்பு கட்டுவதென்றாலும், தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஊர்ப் பையன்கள் வசூலுக்கு வருவார்கள். சாமிதான் வேறு வேறு, வசூல் ஒன்றுதான். புருஷன் செத்து, வளர்ந்த மகனும் இல்லாத வீட்டில் மட்டும் கை நீட்டமாட்டார்கள். பாவம் என்று விட்டுவிடுவார்கள். ஓடைமேட்டில் அப்படி விடப்பட்ட வீடு என்னுடையது ஒன்றுதான். தாலியறுத்தவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், மூவருக்கும் மகன்கள் இருந்தார்கள். எனக்கு இருந்தது மகள் பிரின்சி ஒருத்தி.

என் வீட்டுக்காரர் எபினேசர் ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த இரும்போடு மல்லுக்கட்டியவர். இரும்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. குடித்த தண்ணீர்தான் மஞ்சள்காமாலையாகி அவரைக் கொண்டுபோனது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வசூலுக்கு வந்த பையன்கள் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு, என் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள். நான் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "உனுக்கு இல்லக்கா" என்றான் ஒருவன், ரொம்ப மரியாதையாக. பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் செய்கிறவளுக்கு மிச்சமாகிற காசு கசக்குமா? ஹவுஸ்கீப்பிங் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கக்கூஸ் கழுவுவது. டைல்ஸ் ஒட்டி, வாசனை உருண்டை போட்டு, உள்ளே போய்ச் சாப்பாடே சாப்பிடலாம் போல வைத்திருப்பேன். ஆனால் என் வீட்டில் கக்கூஸ் கிடையாது. ஓடைமேட்டில் யார் வீட்டிலும் கிடையாது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பின்பக்கச் சுவருக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கிடக்கிறது எங்கள் ஊர். சுற்றுவட்டாரத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள்தான் எங்கள் பெரியவர்கள். கம்பெனிகள் வந்ததும் இங்கே வந்து குடிசை போட்டார்கள். குடிசை சிமெண்டு ஷீட்டாகி, சில வீடுகள் தளமும் ஆகிவிட்டன. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாயந்திரத்துக்குள் கரி படிந்துவிடும், அதற்கும் பழகிவிட்டோம். விடியுமுன் ஒருத்தி எழுந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாள், அவள் அடுத்த கதவைத் தட்டுவாள். கூட்டமாகத் தண்டவாளத்தைத் தாண்டி வேலிகாத்தான் புதருக்குப் போவோம். யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை.

அப்படிப் போன ஒரு நாளில்தான் அமுலு செத்தாள். பக்கத்து வீட்டு ஈஸ்வரியின் மூத்த பெண். கூட்ஸ் வண்டி வருகிறதென்று ஒதுங்கி அடுத்த தண்டவாளத்தில் நின்றாள். அதில் எதிர்ப்பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் வந்தது. நாங்கள் அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்தினோம், கூட்ஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ஈஸ்வரி ஓடப் பார்த்தாள். நான்தான் அவளைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளி, மேலே விழுந்து அமுக்கிக்கொண்டேன். வண்டி முழுக்கப் போகும்வரை அவள் என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னொரு பெண் இருக்கிறாள், ஹரிணி, எட்டாவது படிக்கிறாள்.

அமுலு செத்த பிறகுதான் ஆபீசுகளுக்கு நாங்கள் கண்ணில் பட்டோம். எங்கள் ஊர்த் தலைவர் பாக்கியநாதன் அண்ணன் லீவு போட்டு லீவு போட்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார். நல்ல மனுஷர், அதுதான் என் சங்கடமே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டுப் போயிருப்பேன். கடைசியில் பூவராகவன் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். சென்னையில் அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளை, செருப்பில் சேறு படாமல் நடக்கத் தெரியாது. ஆனாலும் முகம் சுளிக்காமல் எல்லாச் சந்துக்குள்ளும் போய் வந்தார். அம்மன் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் நடுவில் இருக்கிற திடலில் ஊரைக் கூட்டி வைத்துப் பேசினார்.

வீட்டுக்கு வீடு கக்கூஸ், குடிதண்ணீர்க் குழாய், தெருவுக்குச் சாக்கடைக் குழாய், எல்லாம் முடிந்தால் இருக்கிற இடத்துக்குப் பட்டா. செலவில் ஒரு பங்கு அரசாங்கம், ஒரு பங்கு ஏதோ வெளிநாட்டு பேங்க் கொடுக்கிற கடன், மீதி மக்கள் பங்கு. எங்கள் கையிலிருந்தும் கொஞ்சம் போனால்தான் எங்களுக்குப் பொறுப்பு வரும் என்று அந்த பேங்க் சொல்கிறதாம். பெண்ணை ரயிலுக்குக் கொடுத்தவளைப் பார்த்து, உனக்குக் கக்கூஸ்மேல் அக்கறை இருக்கிறதா, காசைக் காட்டு என்று கேட்கிற பேங்க். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

"மொத்தம் எத்தனை குடும்பம்?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"அறுவத்திரண்டு தலைக்கட்டு சார்" என்றார் பாக்கியநாதன் அண்ணன். ஊரைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் அவர் சொல்கிற கணக்கு அதுதான்.

"தலைக்கட்டுன்னா?"

"குடும்பம்தான் சார்."

அவர் எழுதிக்கொண்டார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போன வார்த்தை அது.

மக்கள் பங்கையும் வழக்கம்போலத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் வசூலித்தார்கள். சிலர் கம்மலை அடகு வைத்தார்கள், சிலர் மகளிர் குழுவில் கடன் வாங்கினார்கள். பையன்கள் என் வாசலைத் தாண்டிப் போனார்கள். கூழுக்கும் பல்புக்கும் விட்டது சரி, கக்கூஸுக்கு ஓசியில் உட்காருவது எனக்கு உறுத்தலாக இருந்தது. சம்பளம் வந்ததும் எடுத்துக்கொண்டு பாக்கியநாதன் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"ண்ணா, என் பங்கு."

"இன்னா கிரேஸு இது? மொதல்ல அத்த உள்ள வை."

"எல்லாரும் குடுக்கிறாங்க இல்ல?"

"குடுக்கறவன்லாம் தலைக்கட்டு. உங்கைல போயி துட்டு வாங்கினா ஊரு என் மூஞ்சில காறித் துப்பும். எபினேசரு கனவுல வந்து செருப்பால அடிப்பான். பிரின்சிக்கு எதுனா செய்யி போ."

"அப்ப எனக்குக் குழாய்?"

"உன் ஊட்ட மட்டும் உட்டுட்டா போடுவாங்க? நான் கீறேன் இல்ல? பேஜாரு பண்ணாத. டீ குடிச்சிட்டுப் போ."

டீ குடித்துவிட்டு வந்தேன். அந்தப் பணத்தில் பிரின்சிக்குப் பொன்னேரி காலேஜில் பரீட்சை ஃபீஸ் கட்டினோம். கொஞ்ச நாளில் சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு ஒருத்தன் வந்து, பணம் கட்டிய வீட்டுச் சுவரிலெல்லாம் நம்பர் போட்டான். என் வீட்டுக்கு வந்து பிரஷ்ஷைத் தூக்கினபோது, கூடவந்த நம்ம ஊர்ப் பையனே தடுத்தான். "அது வரி இல்லாத ஊடு, உட்டுட்டு வாண்ணா." ஈஸ்வரி கிண்டல் செய்தாள். "எங்க செவுரு எல்லாம் கிறுக்கி வெச்சிட்டான். உன் செவுரு மட்டும் அழகாக் கீதுக்கா." அமுலு போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பொங்கல் கழிந்தது. பெரிய பெரிய குழாய்களை லாரியில் கொண்டுவந்து திடலில் இறக்கினார்கள். பிள்ளைகள் அதற்குள் புகுந்து விளையாடினார்கள். ஒரு நாள் நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது, என் வீட்டைச் சுற்றிச் சதுரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. கோடு என் வாசற்படி மேலேயே ஏறி இறங்கிப் போயிருந்தது. காண்ட்ராக்ட் ஆள் ஒருத்தன் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாபா இது?"

"பம்பு ரூம்க்கா. எல்லா ஊட்டு கக்கூஸ் தண்ணியும் இங்க வந்துதான் சேரும். தொட்டி கட்டி, மோட்டார் வெச்சி மெயின் லைனுக்குத் தள்ளணும். பள்ளமான எடம் இதுதான்."

"இங்க ஊடு கீதே. நான் கீறேன்."

அவன் என்னையும் வீட்டையும் பார்த்தான், பிறகு கையிலிருந்த பிளானைப் பார்த்தான். "இதுல காலி எடம்னுதான்க்கா போட்டுக் கீது" என்றான், அவனே தப்புச் செய்துவிட்ட மாதிரி. பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டான். காலி இடத்துக்குள் போய், காலி இடத்துச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.

மறுநாள் இன்ஜினியரைப் பாக்கியநாதன் அண்ணன்தான் கூட்டிவந்தார். இன்ஜினியர் போனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "லிஸ்ட்ல இவங்க பேரே இல்லையே" என்றார். "மக்கள் பங்கு கட்டின அறுபத்திரண்டு வீடுதான் பிளான்ல இருக்கு."

"சார், அவங்க தலைக்கட்டு இல்ல. ஆனா ஊடு கீது சார்."

"தலைக்கட்டுன்னா குடும்பம்னுதானே சொன்னீங்க?"

 பாக்கியநாதன் அண்ணன் புருஷன், மகன், வரி, விதவை என்று ஒவ்வொன்றாக விளக்கினார். விளக்க விளக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. இத்தனை வருஷமாகச் செய்துவந்த தயவை வெளியாள் ஒருவருக்கு எடுத்துச் சொல்லும்போது அது எப்படி இருக்கிறதென்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இன்ஜினியர் என் வீட்டு வாசல் கல்லில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வீட்டைச் சேர்த்தாலும் பிளான், எஸ்டிமேட் எல்லாம் புதிதாகப் போட்டு அரசாங்கத்துக்கும் பேங்குக்கும் திரும்ப அனுப்ப வேண்டுமாம். மார்ச்சுக்குள் வேலை நடக்காவிட்டால் இந்த வருஷப் பணம் திரும்பிப் போய்விடுமாம். அடுத்தது எப்போது வரும், வருமா என்று அவருக்குத் தெரியாதாம். தொட்டியை வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். இதைவிடப் பள்ளம் ஓடை ஒன்றுதான் என்றார்.

அன்று சாயந்திரம் திடலில் ஊர் கூடியது. பாக்கியநாதன் அண்ணன் எழுந்து, "தப்பு எம்மேலதான்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே நாலு பேர் அவரைச் சமாதானப்படுத்தப் போனார்கள். வீடு போகிறவள் நான், ஆறுதல் அவருக்கு. கலியன் என்று ஒரு பெரியவர், எல்லாக் கூட்டத்திலும் ஏதாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, "பிரின்சிக்கு ஒரு பையனைப் பாத்து ஊட்டோட வெச்சிக்கினா, தலைக்கட்டு ஆயிடும் இல்ல?" என்றார்.

பிரின்சி எழுந்துவிட்டாள். "மாப்ள வந்தா பிளான்ல ஊடு மொளைச்சிடுமா தாத்தா?"

யாரோ சிரித்தார்கள், சட்டென்று அடங்கினார்கள். பிறகு ஒரு யோசனை வந்தது. எங்களுக்கு லைன் வீட்டில் ஒரு ரூம் பார்த்துக் கொடுப்பது, வாடகையைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று போட்டு ஊரே கட்டுவது. எல்லா முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது. சாமான் தூக்க நாங்கள் வருகிறோம் என்று பையன்கள் சொன்னார்கள். நிஜமாகவே வருவார்கள், ஒரு தட்டுகூட நசுங்காமல் கொண்டுபோய் வைப்பார்கள். வாடகை விஷயம்தான் சந்தேகம். எத்தனை மாசம் கட்டுவார்கள்? கூழ் வசூலுக்கே மூன்று நடை நடக்கிற ஊர் இது. பட்டா வருகிற சமயத்தில் என் இடத்தில் தொட்டி இருக்கும், நான் லைன் வீட்டில் பிச்சை வாடகையில் இருப்பேன்.

"ஊட்ட உட முடியாது" என்றேன். "லிஸ்ட்ட மாத்தச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ஒரு வருசம் தள்ளிப் போனாப் போவுது."

 எல்லாரும் குனிந்து மண்ணைக் கிளறினார்கள். அப்போது ஈஸ்வரி எழுந்து நின்றாள்.

"ஒரு வருசம்னா எத்தினி விடியக்காலம்க்கா? ஒண்ணொண்ணுக்கும் ஹரிணி கையப் புடிச்சிக்கினு நான் அந்தத் தண்டவாளத்தத் தாண்டணும். எனுக்கு முடியாது. எனுக்குக் கக்கூஸ் வோணும். உன் ஊடு போனாலும் வோணும். என்னப் பாவின்னே நெனச்சிக்கோ."

நேருக்கு நேர் நின்று அப்படிச் சொன்னது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் பாசமாகத்தான் பேசினார்கள். கையெழுத்து யாரும் போடவில்லை.

திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள் என்று பிரின்சிதான் விசாரித்து வந்தாள். மனுவையும் அவளே எழுதினாள். ரேஷன் கார்டு, கரண்டு அட்டை, ஓட்டர் கார்டு எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்தோம். எல்லாவற்றிலும் நான் இருந்தேன், என் வீடும் கதவு எண்ணோடு இருந்தது. ஊர்க் கணக்கில்தான் நாங்கள் இல்லை. பிரின்சிக்குப் பரீட்சை, அதனால் தனியாகக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் ஈஸ்வரி எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். யார் சொன்னார்களோ தெரியாது.

"போவாதக்கா."

"ஊடு ஈஸ்வரி. நான் கட்டின ஊடு."

"தெரியும். கல்லு தூக்கினதுல பாதி நான். செவுரு எழும்பினப்ப அமுலு என் வயித்துல இருந்தா." அவள் அழவில்லை. "உன்ன ஓசில உக்கார வெச்சிக்கினோம்னு நெனச்சோம். இப்டி ஆவும்னு யாருக்குத் தெரியும்? ஆயிடுச்சி. உனக்கு இருக்க எடம் வேற கெடைக்கும். எம்பொண்ணுக்கு உசுரு வேற கெடைக்குமா?"

"எம்பொண்ணும்தான்டி அங்க போவுது."

"அதுக்குத்தான் சொல்றேன்."

பஸ் வந்தது. ஏறினேன். அவள் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள், பஸ் கிளம்பியும் நகரவில்லை. பெரியபாளையம் தாண்டும்வரை இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுவே எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. நியாயம் முழுக்க அவள் பக்கம் என்றால் என் வீடு மட்டும் எதற்காக இத்தனை நாள் அங்கே நின்றது?

கலெக்டர் ஆபீசில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் மனுவை முழுக்கப் படித்தார். அப்படிப் படிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படித்துவிட்டு அங்கேயே யாருக்கோ போன் போட்டார். "வீடு இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று இரண்டு தடவை கேட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, நான் இதுல கையெழுத்துப் போட்டா இன்னைக்கே வேலை நின்னுடும். உங்க வீட்டை யாரும் தொட முடியாது. ஆனா அந்தப் பணமும் திரும்பிப் போயிடும்."

"ஊடும் இருக்கணும், கக்கூஸும் வரணும் சார். ரெண்டும் வேணும்."

"அது என் கையில இல்லம்மா." உண்மையாகவே வருத்தமாகச் சொன்னார். "யோசிச்சுச் சொல்லுங்க. வேணாம்னா மனுவை எடுத்துட்டுப் போங்க."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அமுலுவை நினைத்தேன். தோளில் ஈஸ்வரியின் பல் பட்ட தழும்பை நினைத்தேன். எல்லாவற்றையும் நினைத்துவிட்டு, "போடுங்க சார்" என்றேன். பெரிய நியாயம் எதுவும் அதில் இல்லை. எனக்கு என் வீடு வேண்டும். அவ்வளவுதான்.

வேலை நின்றது. குழாய்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் லாரி பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார்கள். மக்கள் பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள், அடகு வைத்த கம்மலுக்கு வட்டிதான் நஷ்டம். பூவராகவன் சார் கடைசியாக ஒரு முறை வந்து, என் சுவரில் அறுபத்து மூன்று என்று தன் கையாலேயே எழுதினார். அடுத்த தடவை விட்டுப்போகாது என்றார். அடுத்த தடவை எப்போது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாக்கியநாதன் அண்ணன் தலைவர் வேலையே வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கொடுத்து மனசு ஆறியிருக்கும். தண்ணீர் லாரி வந்தால் என் குடத்துக்கு இடம் விட்டு நிற்பார்கள், பேசமாட்டார்கள். விடியுமுன் கதவு தட்டுகிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் வரும், என் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் கேட்கும். நானும் பிரின்சியும் அவர்கள் போய்த் திரும்பின பிறகு போனோம். அதற்குள் வெளுத்துவிடும், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற ஆம்பிளைகள் பார்ப்பார்கள்.  ஒரு நாள் பிரின்சி, "ஊட்டக் காப்பாத்தினது தப்புன்னு சொல்லமாட்டேம்மா. ஆனா எனக்கு யார் மூஞ்சிலயும் முழிக்க முடியல" என்றாள். அப்புறம் பொன்னேரியில் ஹாஸ்டலுக்கு எழுதிப்போட்டுப் போய்விட்டாள். போனது நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன். வீட்டில் நான் ஒருத்திதான்.

பங்குனி பிறந்து சில நாள் இருக்கும். இன்னும் இருட்டு பிரியவில்லை, என் கதவு தட்டப்பட்டது. வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன். கூப்பிட வந்துவிட்டார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைத் திறந்தால் ஈஸ்வரி நின்றிருந்தாள், கூட ஹரிணி, கையில் தண்ணீர் பாட்டிலோடு தூங்கி வழிந்துகொண்டு. மற்ற பொம்பளைகள் தெருமுனையில் டார்ச்சோடு நின்றிருந்தார்கள்.

"வா ஈஸ்வரி" என்றேன். "இரு, செருப்பப் போட்டுக்கினு வந்துடறேன்."

"நான் வரல." அவள் குரலில் கோபமே இல்லை. "என்னால முடியலக்கா. அந்த வண்டிச் சத்தம் கேட்டா எனுக்குக் காலு நடக்க மாட்டேங்குது. நேத்து நடுவுல நின்னுட்டேன். இவதான் என்ன இழுத்துக்கினு வந்தா." அவள் ஹரிணியின் கையை எடுத்து என் கைக்குள் வைத்தாள். "நீதான நிறுத்தின? இனிமே தினமும் நீ இட்டுக்கினு போ. இட்டுக்கினு போயி, இட்டுக்கினு வா."

 அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் வீட்டு வாசற்படியிலேயே, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் திரும்பும்வரை அங்கேயே இருப்பாள் என்று தெரிந்தது.

நான் ஹரிணியைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் பெண்கள் எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜல்லி மேட்டில் ஏறினோம். கவரைப்பேட்டைப் பக்கமிருந்து வண்டி வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. எந்தத் தண்டவாளத்தில் வருகிறதென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. 

"பெரிம்மா, கை வலிக்குது" என்றாள் ஹரிணி.

நான் விடவில்லை.